உப்புப் பார்க்க இறங்கிய வெள்ளைப் பறவை

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே மொழியில் வம்பளந்துகொண்டிருந்தபோது, சிப்பிக்கரை ஏரியோரம் அம்பலத்தாடி என்றொருவர் இருந்தார். அவர் மகள் தெய்வானைக்கு எதிர்க்கரைப் படகோட்டி மேல் ஒரு கண். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். பெண்ணின் தகப்பன் தன் கையால் மீன்குழம்பு வைத்து, தண்ணீரோரம் இலை போட்டுச் சம்பந்தியைச் சாப்பிட வைக்க வேண்டும். சம்பந்தி இரண்டாம் முறை குழம்பு கேட்டால் கல்யாணம். கேட்காமல் கை கழுவினால், வந்த படகிலேயே திரும்பிவிடுவார். அவர் வாய் வைக்கும் முன் வேறு மனித வாய் அதில் படவே கூடாது.

பொழுது சாய்கிற நேரம். குழம்பு கொதிக்கிறது. எதிர்க்கரையில் படகு கிளம்பிவிட்டது. அப்போதுதான் அம்பலத்தாடிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“வெள்ளையம்மா, நான் உப்புப் போட்டேனா?”

“என்னைக் கேட்டா?” என்றாள் மனைவி. “மஞ்சள் அரைக்கும்போதே உங்க தாத்தா முதலையோட மல்லுக்கட்டின கதையை ஆரம்பிச்சீங்க. முதலை செத்துச்சு. உப்பு என்னாச்சோ தெரியல.”

போட்டதற்கு மேல் போட்டால் கரிக்கும். போடாமல் விட்டால் சப்பென்றிருக்கும். ருசி பார்க்கவும் வழியில்லை. மகள் முகத்தைப் பார்க்கவே பயந்து, உப்புச் சட்டியும் கையுமாக நின்றார் மனிதர்.

அந்த நேரம் பார்த்துப் பொத்தென்று ஒரு பறவை வந்து இறங்கியது. அந்தக் கரையில் யாரும் கண்டிராத பறவை. சலவை வேட்டி மாதிரி வெள்ளை, தலையில் குடுமி, கோணி ஊசி மாதிரி மூக்கு. வாயோ ஓயாத வாய்.

“அண்ணே, இது எந்த ஊர்? கூட்டத்தோடதான் வந்தேன். பேசிக்கிட்டே வந்ததுல அவங்க எந்தப் பக்கம் திரும்பினாங்கன்னு பார்க்கல. அது என்ன, கெண்டையா, விராலா? ஆளுக்கு எத்தனை துண்டு?”

அம்பலத்தாடிக்குப் பொறி தட்டியது. “கிளி கொத்தின கொய்யாவை யாராவது எச்சில்னு சொல்றாங்களா? தம்பி, கொஞ்சம் ருசி பார்த்து உப்பு இருக்கான்னு சொல்லு!”

ஊசி மூக்கில் குழம்பு நிற்குமா? ஒழுகிப் போயிற்று. பறவை சுற்றுமுற்றும் பார்த்தது. கொட்டாங்குச்சி அகப்பை கிடந்தது. அதன் மூங்கில் காம்புத் துளைக்குள் மூக்கைச் செருகி, நிறைய மொண்டு, அண்ணாந்து உறிஞ்சியது. ருசியில் சொக்கி இன்னும் ஒரு முக்கு முக்க, காம்பு கண் வரைக்கும் ஏறி இறுகிக்கொண்டது. அம்பலத்தாடி அகப்பையை இழுத்தார், வெள்ளையம்மா பறவையை இழுத்தாள். இரண்டும் பிரியவில்லை. ஓயாத வாய் அடைத்தே போயிற்று.

“அடேய், உப்பு இருக்கா? அதைச் சொல்லித் தொலை!”

பறவை தலையை இடமும் வலமுமாக ஆட்டியது. இல்லை!

ஒரு கைப்பிடி உப்பு விழுந்தது. பறவையே ஒரு கிண்டு கிண்டிவிட்டது. படகும் கரை தட்டியது.

சம்பந்தி வேலாண்டி இலையில் உட்கார்ந்தார். அம்பலத்தாடி சட்டியைச் சாய்த்துக் குழம்பை ஊற்றினார். வேலாண்டி பிசைந்தார், மென்றார். கை கழுவும் செம்பை ஒரு பார்வை பார்த்தார். தெய்வானை மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

அம்பலத்தாடி பதற்றத்தில் அகப்பையைத் தேடினார். அது தானாகவே நடந்து வந்தது. பறவை மொண்டு, குனிந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் இலையில் ஊற்றியது.

“அடேங்கப்பா!” என்றார் வேலாண்டி. “பரிமாறவே பறவை வச்சிருக்கிற வீடா? இதைவிடப் பெரிய இடத்துக்கு நான் எங்கே போவேன்!”

கல்யாணப் பந்தி முழுக்கப் பறவைதான் பரிமாறியது. பந்தி முடிந்ததும், அகப்பையைப் பிளந்து எடுத்துவிடுவோமா என்று அம்பலத்தாடி கேட்டார். அதற்கும் இடமும் வலமுமாக ஒரு தலையாட்டல்தான். ஒரு மொள்ளலுக்கு நாலு மீன் வருகிற மூக்கை யார் விடுவார்கள்?

அன்று முதல்தான் அந்தக் குலத்துக்கே கரண்டி மூக்கு. கரண்டிவாயன் என்ற பெயரும். மூக்கு நுனியிலும் நெஞ்சிலும் அன்று பட்ட குழம்பு மஞ்சள் இன்னும் போகவில்லை. போன பேச்சும் திரும்பவில்லை. எந்த ஏரியில் இறங்கினாலும் மூக்கைத் தண்ணீரில் விட்டு, தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நடக்கும்: உப்பு இல்லை, உப்பு இல்லை. சந்தேகமிருந்தால் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.