சிங்க நடையும் செம்புப் பாலும்

மழையும் மலையும் பங்காளிகளாக இருந்த செம்பாறை நாட்டை, வெகு காலத்துக்கு முன், வீரகேசரி என்றொரு அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் போதும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காலை எட்டி எட்டி வைப்பான். "ஆகா, சிங்க நடை!" என்று முதலில் கூவுகிறவர் பிரதானி சொக்கநாயகம். சிங்கம் தன் குகைக்குள் எப்படி நடக்கும் என்று இவர் போய்ப் பார்த்தாராமா? கேட்க ஆள் வேண்டாமா?

ஆள் இருந்தாள். அமைச்சர் உமையாள். "பெண்ணுக்கு எதற்கு முத்திரை மோதிரம்?" என்று சபை முணுமுணுத்தபோது, "மோதிரம் விரலைத்தானே கேட்கிறது, மீசையைக் கேட்கவில்லையே" என்று வாங்கிப் போட்டுக்கொண்டவள். அன்று முதல் பிரதானிக்கு அந்த மோதிரத்தின் மேல் ஒரு கண்.

தாய்வீட்டில் பிள்ளை பெற்ற அரசி, பெண் குழந்தையோடு திரும்பும் நாள் நெருங்கியது. "வாசலிலிருந்து அந்தப்புரம் வரை என் மகளை நானே ஏந்திப் போவேன்" என்றான் அரசன். "அடைமழைக் காலம். தோட்டமெல்லாம் சேறு. கல்லிலே ஒரு பாதை வேண்டும்."

பிரதானி முந்திக்கொண்டார். "கண்ணாடி போல இழைத்த கருங்கல், அரசே! அம்பு விட்டாற்போல நேர்கோடு! கல்லுக்குக் கல், தங்கள் சிங்க நடையின் இடைவெளி!"

"இழைத்த கல் மழையில் வழுக்குமே" என்றாள் உமையாள்.

"கோலம் போடுகிற கல் வேறு, கோமகன் நடக்கிற கல் வேறு என்று அம்மணிக்குத் தெரியாது, பாவம்."

சபை சிரித்தது. உமையாளுக்குக் காது சூடேறியது. "ஆளுக்கொரு பாதை போடுவோம். என் பாதையில் அரசர் கால் இடறினால் இந்த மோதிரம் பிரதானியாருக்கு."

"இடறினால் விழப்போவது என் மகள்" என்றான் அரசன். அவன் சிரிக்கவில்லை. உமையாளுக்கு அப்போதுதான் உறைத்தது. மோதிரம் போனால் போகிறது. குழந்தை?

பிரதானியின் பாதை மளமளவென்று முடிந்தது. சேற்று மண்ணை மட்டப்படுத்திக் கல்லைப் பரப்பினார்கள், அவ்வளவுதான். பளபளப்பில் அவர் தம் மீசையைப் பார்த்து முறுக்கிக்கொண்டார். உமையாளோ ஒரு கல்லும் வைக்கவில்லை. மழை ஓய்ந்த ஒரு மாலையில் தோட்டம் முழுக்க ஈர மணலைத் தூவிவிட்டு, விளிம்பு தளும்பும் பால்செம்போடு அரசனிடம் போனாள்.

"குழந்தையின் நலத்துக்காக, அரசே. இன்றிரவு ஒரு சொட்டும் சிந்தாமல், வாசலிலிருந்து மணல் வழியே அந்தப்புரம் வரை தாங்களே சுமக்க வேண்டும். ஒருவரும் பார்க்கக் கூடாது."

மறுநாள் விடிந்ததும் மணலைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சிங்கத்தைக் காணோம்! குட்டிக் குட்டி அடிகள். நாகலிங்க மரத்தின் வேரைக் கண்டு பயந்து ஒதுங்கிய வளைவு. கிணற்றடியில் இரண்டு பாதமும் சேர்ந்து, மூச்சு வாங்கி நின்ற இடம். நாடே நடுங்கும் ஓர் ஆள், தன் மகளுக்காக இப்படியும் நடப்பானா!

ஒவ்வொரு தடத்திலும் ஒரு குச்சி நட்டாள். குச்சி நட்ட இடமெல்லாம் சாண் ஆழம் தோண்டி, அடியில் சரளை, அதன் மேல் ஆற்று மணல், அதற்கும் மேல் மலையிலிருந்து வந்த சொரசொரப்பான பலகைக்கல். தண்ணீர் தேங்காமல் செடிப்பக்கம் வடிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு. ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறி நின்று ஆட்டிப் பார்த்தாள். ஆடிய கல்லை எடுத்துவிட்டு மறுபடி மணல் போட்டாள்.

அரசி வந்த அன்று மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஊரே வாசலில் கூடியிருந்தது. அப்புறம் கேட்பானேன், அரசனின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. குழந்தைக்குக் கையை நீட்டியபடியே பளபளத்த நேர்பாதைப் பக்கம் திரும்பினான்.

உமையாள் குறுக்கே போய் நின்றாள். "அரசே, சிங்கம் போகிற வழியில் முதலில் சிங்கத்தைப் புகழ்ந்தவர் போகட்டும். பிரதானியாரே, இதோ பால்செம்பு. அதே நடை, அதே இடைவெளி!"

மறுக்க முடியுமா? பிரதானி முதல் கல்லில் கம்பீரமாகக் கால் வைத்தார். இரண்டாவது கல் தண்ணீரில் மிதப்பதுபோல ஆடியது. மூன்றாவதில் அவர் கால் வானத்தைப் பார்த்தது. செம்பு எகிறித் தலைப்பாகை மேல் கவிழ்ந்தது.

"பிரதானியாரே, சிங்கம் கரணமும் போடுமா?" என்றாள் அரசி.

ஊர் சிரித்தது. அரசன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மூன்றாவது கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மகளை வாங்கி மார்போடு அணைத்தான். "உன் பாதை கோணலாக இருக்கிறதே, உமையாள்."

"அது தாங்கள் போன கோணல், அரசே."

கால் வைத்தான். கண் குழந்தையின் முகத்தில். அடுத்த அடி. குனியாமலே ஒவ்வொரு முறையும் காலுக்கடியில் கல் வந்து நின்றது. மரத்தடியில் அவன் ஒதுங்க நினைக்குமுன் பாதை ஒதுங்கியது. கிணற்றடியில் மூச்சு வாங்க நின்றான். அங்கே இரண்டு கால் கொள்ளும்படி ஒரு பெரிய கல்! கொட்டுகிற மழை கல்லைத் தொட்டதும் பணிந்து செடிக்குள் ஓடியது. சிரிப்பு அடங்கிவிட்டது.

"இது என் நடை" என்றான் அரசன் மெதுவாக. "யாரும் பார்க்காத என் நடை. பால்செம்பு இதற்குத்தானா?"

"ஆமாம், அரசே. முன்பே சொல்லியிருந்தால் சிங்கம் வந்திருக்கும்."

மோதிரம் இருந்த கையிலேயே இருந்தது. பிரதானிக்கும் ஒரு வேலை கிடைத்தது. "கல்லின் மேல் குற்றமில்லை" என்றான் அரசன். "அத்தனையும் பெயர்த்து, சொரசொரப்பான அடிப்பக்கம் மேலே வரும்படி, மாட்டுக்கொட்டகைக்கு நீரே பாதை போடும். மாடுகளாவது வழுக்காமல் நடக்கட்டும்."

ஆண்டொன்று போனது. இளவரசி நடக்கத் தொடங்கினாள். அப்பனின் அடி அவளுக்கு எட்டவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நின்று அழுதாள். அரசன் கிரீடத்தைக் கழற்றிப் புல்லில் வைத்தான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்து சேற்றில் மண்டியிட்டு, இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு குட்டிக் கல்லைத் தன் கையால் பதித்தான்.

பிறகு உமையாளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "ஆடுகிறதா, பார்."