சிலம்பாயி வாங்கிய ஓட்டை

ஒரு காட்டில் ஏழை என்று யாருமே இல்லை. அரண்மனைக் குகையின் சுவரில் அப்படித்தான் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் நரி மந்திரி. அவர் குகையை விட்டு வெளியே போகிற வழக்கமில்லை. அதனால் தாம் எழுதியதை அவரே நம்பியும் வந்தார்.

குகைக்கு வெளியே, ஓடைக்கரையில், சிலம்பாயி என்ற பெருச்சாளி ஆறு குட்டிகளோடு ஒரு வளையில் குடியிருந்தாள். போன ஐப்பசி வரைக்கும் ஏழு குட்டிகள். மழையில் ஓடை பெருகி வளைக்குள் தண்ணீர் புகுந்தபோது ஆறு பேரைத்தான் அவளால் கவ்விக்கொண்டு வெளியே வர முடிந்தது. வளைக்கு ஒரே வாசல், அதுவும் ஓடையைப் பார்த்த வாசல். மேட்டுப் பக்கம் ஓர் ஓட்டை இருந்திருந்தால் ஏழாவது குட்டியும் இன்றைக்கு மற்றவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அதை நினைத்து அவள் அழாத நாள் இல்லை.

பெருச்சாளிக்கு ஓட்டை போடத் தெரியாதா என்று கேட்பீர்கள், குழந்தைகளே. நன்றாகத் தெரியும். ஆனால் மேட்டுப் பக்கம் முழுக்கச் சுக்கான் பாறை. அதை உடைக்க எறும்புத்தின்னியின் நகம்தான் வேண்டும். எறும்புத்தின்னி நல்லவன்தான். ஆனால் அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதே!

"நாலு நாள் வேலை அக்கா. பத்து சோழி ஆகும்" என்றான் அவன்.

அந்தக் காட்டில் சோழிதான் காசு. சிலம்பாயி மூன்று சோழிக்கு மேல் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அரண்மனை அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. வருஷா வருஷம் எருமை வண்டியில் உதவிப் பொருள் வரும். என்ன பொருள் என்பதை நரி மந்திரி கண்ணை மூடி யோசித்து முடிவு செய்வார். ஒரு வருஷம் எல்லாருக்கும் சீப்பு வந்தது. பாம்புக்கும் சீப்பு. மறு வருஷம் எல்லாருக்கும் இடது கால் செருப்பு ஒன்று. வலது கால் செருப்பு அடுத்த திட்டத்தில் வரும் என்றார்கள். மீன்கள் வாங்க வரவில்லை என்பதற்காக அவர்கள் பேரில் அபராதம் போட்டார்கள்.

வண்டியோடு வரும் அதிகாரி ஒரு கொக்கு. சிலம்பாயி அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, எனக்குச் செருப்பு வேணாம். மேட்டுப் பக்கம் ஒரு ஓட்டை வேணும்."

கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடியே ஏட்டைப் புரட்டினார். "ஓட்டை கொடுக்கும் திட்டம் இல்லையே, அம்மா."

"ஒண்ணே ஒண்ணு போதும் ஐயா. மழை வந்தா பிள்ளைங்க தப்பிக்க வழியில்ல."

"ஒன்றோ, நூறோ! ஓட்டையை எப்படி வண்டியில் ஏற்றுவது? வழியில் கீழே விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?"

 சிலம்பாயி செருப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த ஆவணியில் எருமைகள் சேற்றில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டன. "இனிமேல் சீப்பும் செருப்பும் இழுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டன. நரி மந்திரி ராஜாவிடம் ஓடினார். சிங்கராஜா அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார்.

"வண்டி ஓடவில்லை என்றால் சோழியாகவே கொடுத்துவிடேன்" என்றார் ராஜா, கொட்டாவி விட்டுக்கொண்டே. "வீட்டுக்குப் பன்னிரண்டு. காக்கைகள் கொண்டுபோய்ப் போடட்டும்."

நரிக்கு மயக்கமே வந்துவிட்டது. "மகாராஜா! ஏழைகள் கையிலா சோழி?"

"நம் காட்டில்தான் ஏழையே இல்லையே. சுவரில் எழுதியிருக்கிறதே."

"இல்லாத ஏழைகள்தான் மகாராஜா. இருந்தாலும் கொடுத்ததை வீணடித்துவிடுவார்கள்!"

அதற்குள் ராஜா தூங்கிவிட்டார். சொன்ன சொல்லை மாற்ற அவரை எழுப்ப வேண்டும். எழுப்ப யாருக்குத் தைரியம்?

மறுநாள் காலையில் ஒரு காக்கை சிலம்பாயியின் வாசலில் பன்னிரண்டு சோழிகளைப் போட்டுவிட்டுப் பறந்தது. சீப்பு இல்லை, செருப்பு இல்லை, கேள்வியும் இல்லை. சிலம்பாயி உடனே எறும்புத்தின்னியிடம் ஓடிப் பத்து சோழியைக் கொடுத்தாள். மீதி இரண்டுக்குச் சோளம் வாங்கினாள். அன்றைக்குக் குட்டிகள் வயிறு நிறையச் சாப்பிட்டு, காலைக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்தன. மிச்சம் என்றால் என்ன என்று கடைசிக் குட்டி கேட்டது.

எறும்புத்தின்னி தான் நுழைவதற்காகக் கீழ் வாசலையும் அகலப்படுத்திக்கொண்டு உள்ளே போனான். நாலாம் நாள் மேட்டுப் பக்கம் சுக்கான் பாறை உடைந்து வெளிச்சம் விழுந்தது.

"அம்மா, இங்கேருந்து வானம் தெரியுது!" என்று குட்டிகள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக முப்பது தடவை ஓடின. சிலம்பாயி ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். இந்தத் தடவை சந்தோஷத்தில் அழுதாள்.

மற்ற வீடுகளிலும் இப்படித்தான். முள்ளம்பன்றி கரடி வைத்தியரிடம் புருஷனின் காலைக் காட்டிச் சரிசெய்து, அவரை மறுபடி வேலைக்கு அனுப்பியது. உடும்பு விதைக் கடலை வாங்கி ஊன்றியது. தேவாங்கு மட்டும் ஓர் உறுமி மேளம் வாங்கியது. ஏன் வாங்கியது என்று அதற்கே தெரியாது.

நரி மந்திரிக்கு அந்த உறுமி ஒன்றே போதுமாக இருந்தது. "பார்த்தீர்களா, உறுமி!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பன்னிரண்டு சோழி எப்படிச் செலவானது என்று பார்த்துவரக் கொக்கு அதிகாரிக்கு வீட்டுக்கு முப்பது சோழி பயணப்படி கொடுத்து அனுப்பினார்.

கொக்கு சிலம்பாயியின் வளைக்கு முன்னால் வந்து நின்றார். "வாங்கிய பொருளைக் காட்டு."

"இதோ ஐயா." சிலம்பாயி பெருமையோடு மேட்டுப் பக்கம் கூட்டிப்போனாள்.

கொக்கு குனிந்து பார்த்தார். ஒரு காலை மாற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இதில் ஒன்றும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாம இருந்தாத்தானே ஐயா அது ஓட்டை!"

கொக்கு ஏட்டில் எழுதினார்: 'கொடுத்தது, பன்னிரண்டு சோழி. வாங்கியது, ஒன்றுமில்லை.'

அதைப் படித்ததும் நரி மந்திரி தம் வாழ்நாளில் முதல்முறையாகக் குகையை விட்டு வெளியே வந்தார். கையில் ஒரு சாக்கு. "அரசாங்கச் சோழியில் வாங்கிய ஓட்டையைப் பறிமுதல் செய்கிறேன். இந்தச் சாக்கில் போட்டுக் கட்டு" என்று கொக்குக்கு உத்தரவிட்டார்.

கொக்கு சாக்கை விரித்துப் பிடித்தார். ஓட்டை உள்ளே வரவில்லை.

"அப்படியானால் மண் போட்டு அடைத்துவிடலாம்" என்றார் நரி.

சிலம்பாயி ஓட்டையின் குறுக்கே படுத்துக்கொண்டாள். "ஐயா, ஐப்பசி பொறந்தாச்சு. இன்னைக்கோ நாளைக்கோ மழை வரும். ஒரு பிள்ளையை ஓடைக்குக் கொடுத்தவ நான். இன்னொண்ணைக் கொடுக்க மாட்டேன். என்னைத் தாண்டித்தான் அடைக்கணும்!"

"எதற்கும் சட்டப்படி உள்ளே போய் அளந்துவிடுகிறேன்" என்று நரி கீழ் வாசல் வழியாக வளைக்குள் நுழைந்தார்.

அவர் அளந்துகொண்டிருக்கும்போதே மேற்கு மலையில் பெய்த மழை ஓடையில் வந்து இறங்கியது. கீழ் வாசலை முட்டிக்கொண்டு தண்ணீர் உள்ளே பாய்ந்தது. ஆறு குட்டிகளும் பழகிய பிள்ளைகள், சரசரவென்று மேலே ஏறி வெளியே வந்துவிட்டன. நரி மட்டும் கழுத்தளவு தண்ணீரில், "வழி எங்கே? வழி எங்கே?" என்று அலறினார்.

"மாமா, அந்த ஒண்ணுமில்லாதது வழியா வாங்க!" என்று கடைசிக் குட்டி கத்தியது.

சிலம்பாயியும் எட்டி அவர் காதைக் கவ்வி இழுத்தாள். நரி வாலில் பாதி முடியைப் பாறைக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்து விழுந்தார். கொக்கு ஏட்டில் எழுதினார்: 'மந்திரி, ஒன்றுமில்லாததன் வழியாக உயிர் பிழைத்தார்.'

வேறு யாராக இருந்தாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இவரோ மந்திரி. மறுநாள் வெயிலடித்ததும் ராஜா முன்னிலையில் கூட்டம் கூட்டினார்.

"ஓட்டை மிக நல்ல பொருள். நானே அனுபவித்துப் பார்த்தேன்" என்றார். "ஆகவே இனிமேல் சோழி கிடையாது. எல்லாருக்கும் ஓட்டை! ஒவ்வொரு வீட்டுக்கும் கூரையின் நடுவில், மூன்று முழ அகலத்தில் ஓர் ஓட்டை போடப்படும்."

"எங்க கூட்டுலயுமா?" என்றது தூக்கணாங்குருவி. "முட்டை கீழே விழுந்துடுமே!"

"முட்டைக்குத் தனித் திட்டம் வரும்."

நரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னொன்று. அவரவர் இஷ்டத்துக்குப் போட்ட பழைய ஓட்டைகள் இன்றே அடைக்கப்படும். அவர்களுக்கு அரசாங்க ஓட்டை தை மாதம் வரும்."

தை மாதம்! மழையெல்லாம் ஓய்ந்த பிறகு!  ஆறு குட்டிகளும் சிலம்பாயியின் காலைக் கட்டிக்கொண்டன. அழுதால் நரி கேட்கமாட்டார், கெஞ்சினாலும் கேட்கமாட்டார். அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு பவ்யமாக முன்னால் வந்தாள்.

"மந்திரி ஐயா, நம்ம காட்டுல முதல் தேன்கூடு யாருக்கு?"

"இதென்ன கேள்வி? ராஜாவுக்கு. முதல் மரியாதை எப்போதும் ராஜாவுக்குத்தான்."

"முதல் மாம்பழம்?"

"அதுவும் ராஜாவுக்கு."

"அப்ப முதல் ஓட்டை?"

நரி ராஜாவைத் திரும்பிப் பார்த்தார். 

"ராஜா வாங்குறதுக்கு முன்னாடி நாங்க கை நீட்டினா முறையா இருக்குமா சாமி?" என்று சிலம்பாயி சிங்கத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "அதுவரைக்கும் எந்த ஓட்டையையும் தொடக்கூடாது, போடவும் கூடாது, அடைக்கவும் கூடாது. அதானே மரியாதை?"

சிங்கராஜாவுக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. மரியாதை என்றால் அவருக்கு உயிர். "பெருச்சாளியாக இருந்தாலும் முறை தெரிந்தவள்! மந்திரி, போடு என் குகையில் முதல் ஓட்டையை!"

"மகாராஜா, அது வந்து..."

"என்ன, எனக்குத் தர மனமில்லையா?"

நரி எறும்புத்தின்னிகளுக்கு ஆள் அனுப்பினார். எட்டு எறும்புத்தின்னிகள் வந்து, மாலை மரியாதையோடு, அரண்மனைக் குகையின் கூரை நடுவில் மூன்று முழ அகலத்துக்கு ஓட்டை போட்டன. அது மிகச் சரியாக அரியணைக்கு மேலே வந்தது. அரியணை கல், நகராது. ராஜா அதில் அமர்ந்து அண்ணாந்து பார்த்து, "அழகு!" என்றார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது.

சிறிது நேரம் ராஜா கம்பீரமாகவே நனைந்தார். பிறகு, "மந்திரி, தண்ணீர் விழுகிறது" என்றார்.

"அதுதான் திட்டத்தின் பலன், மகாராஜா."

"எனக்கு ஓட்டை வேண்டும் என்று நான் கேட்டேனா?"

"வாங்குகிறவரைக் கேட்கும் வழக்கம் நமக்கு இல்லையே, மகாராஜா."

"சரி, எனக்கு வேண்டாம். திரும்ப எடுத்துக்கொள்."

கொக்கு ஏட்டைப் புரட்டினார். "ஓட்டையைத் திரும்ப வாங்கும் திட்டம் இல்லை, மகாராஜா."

ராஜா மூன்று முறை தும்மினார். பிடரி மயிர் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. குகை வாசல் வழியாக வெளியே பார்த்தார். ஓடை கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. சிலம்பாயியின் கீழ் வாசல் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. மேட்டுப் பக்கத்து ஓட்டையிலிருந்து ஒரு குட்டி தலை நீட்டியது. பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. கடைசியாகச் சிலம்பாயியும் வந்து எல்லாரையும் ஒரு பாறையின் அடியில் உட்கார வைத்தாள். ஆறு பேரும் இருந்தார்கள்.

"அவளுடைய ஓட்டை மட்டும் எப்படிச் சரியான இடத்தில் இருக்கிறது?" என்று ராஜா கேட்டார்.

கொக்கு இந்தத் தடவை ஏட்டைப் புரட்டவில்லை. "சோழி அவள் கையில் இருந்தது, மகாராஜா."

ராஜா ஈரப் பிடரி மயிரை இரண்டு தடவை பிழிந்தார்.

"அந்த ஓட்டையை யாரும் தொடக்கூடாது" என்றார் கடைசியில். "இனி மாதா மாதம் காக்கைகள் வீடு வீடாகப் போகட்டும். யார் என்ன வாங்கினார்கள் என்று கேட்டுக்கொண்டு நீங்கள் இருவரும் அங்கே போகக்கூடாது. உறுமி வாங்கினால் அடித்துக்கொள்ளட்டும். புரிந்ததா?"

"உத்தரவு, மகாராஜா" என்றார் நரி, தலையைக் குனிந்துகொண்டு.

"முதலில் எனக்குப் பன்னிரண்டு சோழி கொடு. கூரையை அடைக்க வேண்டும்."

அன்று சாயங்காலம் ஒரு காக்கை பறந்து வந்து, ஈரமான அரியணையின் முன்னால் பன்னிரண்டு சோழிகளைப் போட்டுவிட்டுப் போனது. அதை வைத்து என்ன வாங்கினீர்கள் என்று ராஜாவை யாரும் கேட்கவில்லை.

நீதி: வீடு எங்கே ஒழுகுகிறது என்பது அதில் நனைகிறவருக்குத்தான் தெரியும், உதவியை அவர் கையில் கொடுத்துவிட்டு விலகி நில்.