தொட்டியில் முங்கிய ராஜா

வேலாங்காட்டு ராஜா திருமலைக்கொழுந்துக்குத் தன் முகத்தின் மேல் கொள்ளை ஆசை. கண்ணாடி போதவில்லை, கோட்டைவாசலில் சிலையும் வேண்டும் என்றார். வயிரவ ஆசாரி ஆறு மாதம் உட்கார்ந்து, சுண்ணாம்புக்கல்லில் முழ உயரத்துக்கு ஒன்று செதுக்கிக் கொண்டுவந்தார். அதே நாளில் மந்திரி வைகுந்தநாதரும் தன் மைத்துனன் செய்த சிலையோடு வந்து நின்றார். அது பளபளவென்று மின்னியது.

“வடதேசத்துப் பளிங்கு, மகாராஜா. ஆசாரியின் சிலையில் தாங்கள் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்போல் இருக்கிறீர்கள்” என்றார் மந்திரி.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. தன்னை இப்படி மங்கலாகச் செதுக்கியவன் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். பாவம், ஆசாரி தன் உளிகளை மூட்டை கட்டத் தொடங்கினார்.

சபையில் ராஜாவைச் சிரிக்கவைப்பதே வேலையாக இருந்த மருதக்குட்டி எழுந்துபோய், பளபளத்த சிலையின் பாதத்தில் பக்தியோடு முத்தமிட்டான். அவன் முகம் ஒரு கணம் கோணிக்கொண்டது. பிறகு கைகட்டி நின்றான்.

“கோயில் சிலையை மூன்று நாள் தண்ணீரில் கிடத்திய பிறகுதானே நிறுத்துகிறோம், மகாராஜா? தங்கள் சிலைக்கு அந்த மரியாதை கிடையாதா?”

கோயில் சிலையோடு தன்னையும் சேர்த்துப் பேசியதில் ராஜா குளிர்ந்துபோனார். இரண்டையும் இரண்டு தொட்டிகளில் போடச் சொன்னார். பளிங்குக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லாத குறையாக மந்திரி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. தொட்டிகளுக்குக் காவலும் போட்டாயிற்று.

நான்காம் நாள் காலை ஆசாரியின் தொட்டியிலிருந்து ராஜா மூக்கும் முழியுமாக வெளியே வந்தார். மந்திரியின் தொட்டியில் சேவகன் தோள்வரை கைவிட்டுத் துழாவினான். புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டு அகப்பட்டது.

“நான் எங்கே?” என்றார் ராஜா.

“தொட்டி முழுக்கத் தாங்கள்தான் இருக்கிறீர்கள், மகாராஜா. காய்ச்சினால் திரும்பக் கிடைப்பீர்கள். மூக்கு எது, முழங்கால் எது என்றுதான் தெரியாது” என்றான் மருதக்குட்டி.

அரண்மனை நாவிதர் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். சவரம் செய்த கன்னத்தில் தான் தினமும் தேய்க்கிற படிகாரம் என்றார். சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடும், படிகாரத்தை விழுங்கிவிடும் என்று மருதக்குட்டி விளக்கினான்.

ஆசாரியின் தண்டனை அங்கேயே ரத்தாயிற்று. கோட்டைவாசலும் அவர் சிலைக்கே. மந்திரி மட்டும் அந்தத் தொட்டித் தண்ணீரில் ஒரு வாய் குடிக்க வேண்டும் என்றார் ராஜா. குடித்த மந்திரி ஏதோ சமாதானம் சொல்லத்தான் பார்த்தார். வாய் சுருங்கிப்போய் ஒரு சொல்லும் வரவில்லை.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். மருதக்குட்டியைக் கூப்பிட்டு, “உனக்கு என்ன வேண்டும், கேள்” என்றார்.

“ஒரு செம்பு நல்ல தண்ணீர் போதும், மகாராஜா. தங்கள் பாதத்தை முத்தமிட்ட நாளிலிருந்து என் வாய் துவர்க்கிறது.”