வாதாங்கொட்டையும் ஒரு கல்லும்

செங்குறிச்சி ஜமீன்தாருக்குச் சர்க்கரை வியாதி. "சாயங்காலம் பலகாரம் வேண்டாம். உப்பும் இனிப்பும் சேராத பருப்புக் கொட்டை ஒரு கைப்பிடி போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார் வைத்தியர்.

ஜமீன்தார் மீசையை முறுக்கினார். "கைப்பிடி எனக்கு ஒரு வாய்க்குக் காணுமா? ஏய் வெள்ளைத்தாயி! விளக்கு வைக்கிறவரை நான் தின்னுக்கிட்டே இருக்கணும். கைப்பிடியையும் தாண்டக் கூடாது. முடியலேன்னா நாளைக்குச் சமையற்கட்டுல உனக்கு வேலை இல்லை!"

சமையல்காரி வெள்ளைத்தாயி தோட்டத்துக்குப் போனாள். நாட்டு வாதாம் மரத்தடியில் காய்ந்து கிடந்த கொட்டைகளைக் கூடை நிறையப் பொறுக்கி, ஒரு கல்லோடு கொண்டுவந்து வைத்தாள். முதல் கொட்டையை அவளே தட்டினாள். பருப்பு நசுங்கிப் போனது.

"முழுசா எடுக்க என் கைக்கு வரலீங்க, எசமான். இந்த ஊர்ல யாருக்குமே வராதுங்க."

"எனக்கு வராததா? கொடு கல்லை!"

தட்டினார். கொட்டை வழுக்கி ஓடியது. துரத்திப் பிடித்து மறுபடி தட்டினார். மெலிசாக ஒரு பருப்பு முழுசாக வந்தது. வாயில் போட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தார். உதவிக்கு வந்த சேவகர்களை அதட்டி விரட்டினார்.

விளக்கு வைத்ததும் வைத்தியர் வந்தார். ஜமீன்தாரைச் சுற்றி ஒரே ஓட்டுக் குவியல்.

"எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"சாயங்காலம் பூரா தின்னேன். எல்லாம் சேர்த்தா..." உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "ஒரு கைப்பிடிதான்!" அம்மனைப் பார்ப்பதுபோல் வெள்ளைத்தாயியைப் பார்த்தார்.

"நாளைக்கு எனக்கு வேலை இருக்குங்களா, எசமான்?"

"உனக்கென்ன வேலை? இனிமே வேலையெல்லாம் எனக்குத்தான்! கல்லை மட்டும் எங்கேயும் எடுத்து வச்சிடாதே, தாயி."