சாரையை விரட்டிய செம்பி

கடலைக்காட்டின் நடுவே ஓர் ஓட்டுக் கொட்டகை இருந்தது. அதில் விறகுக் குவியலின் அடியில் ஒரு சாரைப்பாம்பும், வைக்கோல் மூலையில் செம்பி என்ற கோழியும் குடியிருந்தன. காவலுக்குக் காரி என்ற நாய்.

செம்பிக்குச் சாரையைக் கண்டாலே ஆகாது. போன முறை அடைகாத்தபோது அவளுடைய இரண்டு முட்டைகளை அது விழுங்கிவிட்டது. இந்த முறை எட்டுக் குஞ்சுகள் பொரித்ததும் அவளுக்குப் பயம் கூடிவிட்டது. காரியிடம் போய், விறகுக்கடியில் கொடிய விஷப்பாம்பு இருக்கிறது என்று அழுதாள். சாரைக்கு விஷமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

காரி குரைத்துக்கொண்டு விறகைக் கலைத்தான். சாரை ஒரு கணமும் நிற்காமல் வாய்க்கால் கரைக்கு ஓடிப்போயிற்று.

“விஷப்பாம்பு என்பது இவ்வளவுதானா?” என்று காரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

அந்தப் பேச்சு செம்பியை உறுத்தியது. ஆனாலும் அவள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வைக்கோல் மூலைக்குப் போய்விட்டாள்.

ஒரு மாதத்துக்குள் கொட்டகை எலிகளின் கைக்குப் போய்விட்டது. பட்டப்பகலிலேயே அவை விதைக்கடலை மூட்டைகளைக் கொறித்தன. ஒரு நாள் செம்பியின் குஞ்சுகளில் இரண்டைக் காணவில்லை. எலிவளையின் வாயில் மெல்லிய தூவிகள் மட்டும் கிடந்தன. அவள் அன்று முழுவதும் இரை பொறுக்கவில்லை.

எலிகளைத் தேடிக்கொண்டு இன்னொரு பாம்பு வந்தது. காலையில் செம்பி அதை வைக்கோலருகே பார்த்தாள். சாரைதான் திரும்பிவிட்டது என்று நினைத்துக் காரியைக் கூப்பிட்டாள். அவனும் பாய்ந்து வந்தான்.

பாம்பு ஓடவில்லை.

செம்பி அப்போதுதான் உற்றுப் பார்த்தாள். உடம்பு குட்டை, பருமன். முதுகு நெடுகச் சங்கிலி கோத்ததுபோல் வட்ட வட்டமான புள்ளிகள். அது சுருண்டுகொண்டு, உலை கொதிப்பதுபோல் சீறியது. கண்ணாடி விரியன்!

“காரி, நில்!” என்று கத்தியபடி அவள் அவன் முகத்தின் மேலேயே பறந்து விழுந்தாள். அவன் தடுமாறிப் பின்வாங்கினான். விரியனின் பல் அவன் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னே காற்றைக் கடித்தது.

இருவரும் குஞ்சுகளோடு தூரப் போய் நின்றார்கள். யாரும் நெருங்காததால் விரியன் மெல்லப் புதருக்குள் போய்விட்டது.

“அன்று ஒன்றை விரட்டினேனே, அதைப் போலத்தானே இதுவும்?” என்றான் காரி.

“இல்லை. அன்று நீ விரட்டியது சாரை. அதற்கு விஷமே கிடையாது. நான்தான் உன்னிடம் பொய் சொன்னேன்.”

காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகை வாசலில் போய்ப் படுத்துவிட்டான். அது அவளுக்கு இன்னும் வலித்தது.

அன்றைக்கே செம்பி வாய்க்கால் கரைக்குப் போய், சாரையைத் திரும்பி வரும்படி கேட்டாள்.

சாரை யோசித்தது. “எலிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் முட்டை கண்ணில் பட்டால் அதையும் தின்பேன். இதை மறைத்துக்கொண்டு வர எனக்கு மனமில்லை.”

“தெரியும். என் முட்டையைக் காப்பது என் பொறுப்பு” என்றாள் செம்பி.

சாரை விறகுக்கடியில் குடியேறியது. செம்பி தன் கூட்டைக் காரி படுக்கும் வாசலுக்கு மாற்றிக்கொண்டாள். அவனும் நகர்ந்து இடம் கொடுத்தான். எலிகள் குறைந்தன. விரியன் இனி வராது என்று யாரும் நம்பவில்லை. ஆகவே செம்பி ஆறு குஞ்சுகளுக்கும் அதன் சங்கிலிப் புள்ளிகளைச் சொல்லி, கண்டால் விலகிப் போகப் பழக்கினாள்.

அச்சத்தால் அடையாளத்தை மாற்றிச் சொல்கிறவர், கூட வாழத்தக்கவரை விரட்டிவிட்டு, விலக வேண்டியவர் முன்னே போய் நிற்பார்.