ஓட்டையும் ஓடும்

பொதிகை அடிவாரத்து மருத்துவச் சாலை ஒன்றில், அரசின் இசைவு பெற்று, மருந்துக்காக மட்டும் கஞ்சாச் செடி வளர்த்துவந்தார்கள். அவ்வாண்டு நாற்பது நாற்றுகளும் மாணவி சண்பகவடிவின் பொறுப்பில் இருந்தன. நாற்பதும் மஞ்சள் பாய்ந்து தலைகவிழ்ந்தன. அவை செத்தால், எலும்பு நோயால் மூன்று மாதமாகக் கண்மூடாத நெசவாளர் மூக்காண்டிக்கு அந்தப் பருவத்தில் லேகியம் இல்லை.

ஆசிரியை உலகம்மை, மாணவியைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். வந்தார், தொட்டியொன்றில் விரலை விட்டு முகர்ந்தார். அழுகல் நாற்றம்.

தொட்டியைச் சாய்த்து அடியைப் பார்த்தார். குயவர் இட்ட மூன்று துளைகளும் களிமண்ணால் அடைபட்டு, மேலே மெழுகு பூசப்பட்டிருந்தன. நாற்பது தொட்டியிலும் அப்படியே.

"துளையை ஏன் அடைத்தீர்கள், அக்கா?"

"ஓட்டை உள்ள எதற்கும் இந்தச் சாலையில் மதிப்பில்லை என்று நினைத்தேன்."

உலகம்மைக்கு விளங்கவில்லை. சண்பகவடிவோ எதையும் மறக்கவில்லை. சென்ற ஆடியில், நோயாளிப் பெண்ணொருத்தி மறைத்துவைத்திருந்த வியாதியைப் பற்றிய பேச்சு கடைத்தெருவில் அடிபட்டது. அன்று பந்தியில் எல்லாரும் இருக்க, 'இது ஓட்டைவாய் செய்த வேலை' என்று உலகம்மை அவளைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் வாய் திறக்கவில்லை. ஓராண்டாகத் திறக்கவில்லை.

இப்போது திறந்தாள். பாதிச் சோற்றோடு இலையை மடித்து எழுந்ததைச் சொன்னாள். மருந்து அரைக்கும் பெண்கள் தன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தியதையும், 'அக்கா காதில் போட்டால் ஊருக்குத் தண்டோரா மிச்சம்' என்று சிரித்ததையும் சொன்னாள். ஒரு நாளாவது கூப்பிட்டு, நீங்கள்தானா என்று கேட்டீர்களா என்றாள்.

உலகம்மை கேட்டுக்கொண்டே ஒரு குச்சியால் அடைப்புகளை ஒவ்வொன்றாகக் குத்திவந்தார். தொட்டிதோறும் கறுத்த நீர் பீறிட்டது.

அவள் சொல்லி முடித்தாள்.

"தவறு என்னுடையது," என்றார் உலகம்மை.

"அதையும் பந்தியில் சொல்லுங்கள்."

"சொல்கிறேன். வெளியே விட்டது நீங்கள் இல்லையென்றால், யார்?"

"தெரியும். என்னை நம்பி, தன் தவற்றை என்னிடம் சொல்லி அழுதவர் அவர். சொல்லமாட்டேன்."

"இவ்வளவு கோபத்திலுமா?"

"எவ்வளவு கோபத்திலும்."

உலகம்மை ஒரு தொட்டியைக் கவிழ்த்துக் காலி செய்தார். உடைந்த பானையின் ஓடு ஒன்றைத் துளையின்மேல் குப்புற வைத்தார். புது மண் இட்டார். நாற்றின் அழுகிய வேரை நறுக்கி நட்டு, ஒரு செம்பு நீர் ஊற்றினார்.

"எனக்கு இன்னும் ஆறவில்லை," என்றாள் சண்பகவடிவு.

"ஆறும்வரை சொல்லுங்கள். ஆனால் முதலில் கீழே பாருங்கள், அக்கா. உங்களைப் போலத்தான் இதுவும்: நீர்தான் வந்திருக்கிறது, மண் ஒரு துகளும் வரவில்லை."