பள்ளி திறக்க நாற்பது விதிகள்

நீலியாற்றுச் சீமையை ஆண்ட குமாரசிங்கரின் சபையில் கோதண்டம் என்று ஒரு விகடர் இருந்தார். தன்னைப் போல் புத்திசாலி அந்தச் சீமையிலேயே கிடையாது என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்துக்கு வந்த சோதனைதான் இந்தக் கதை.

கொள்ளைக் காய்ச்சலால் ஒன்றரை வருஷமாகப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. கோதண்டம் தன் எட்டு வயது மகள் செங்கமலத்துக்கு வீட்டிலேயே பாடம் நடத்திப் பார்த்தார். நான்காம் நாள் அவள் ஓலையை மூடி வைத்துவிட்டாள்.

"மூணு நாள் பார்த்தேன்ப்பா. உங்களுக்குச் சொல்லிக்குடுக்க வரல."

இப்போது அவள் தன் பெயரையே பாதிதான் எழுதுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் சபையைச் சிரிக்க வைக்கும் மனுஷருக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

காய்ச்சல் தணிந்ததும் பள்ளியைத் திறப்பதைப் பற்றிப் பேச அரசர் சபையைக் கூட்டினார். வாதம் ஒன்பது நாள் நடந்தது. முகத்தில் துணி கட்ட வேண்டும், இடையில் ஒரு பாய் இடம் விட வேண்டும், பொதுப் பொருளைத் தொட்டால் கை கழுவ வேண்டும் என்று நாற்பது விதிகள் எழுதினார்கள். எழுதி முடித்ததும் பிரதானி ஆவுடையப்பர் எழுந்தார். பள்ளி மண்டபத்தில் அவருடைய இரண்டு குதிரைகள் சௌகரியமாகக் குடியிருந்தன.

"விதியெல்லாம் சரி மகாராஜா. பெரியவங்க நாம கடைப்பிடிப்போம். பிள்ளைங்க கேக்குமா? கேக்கும்னு யாராவது நிரூபிக்கட்டும். இல்லன்னா இன்னும் ஒரு வருஷம் மூடியே கிடக்கட்டும்."

அரசர் சபையைப் பார்த்தார். சபை தரையைப் பார்த்தது.

"நான் நிரூபிக்கிறேன்," என்றார் கோதண்டம். எப்படி என்று பிறகுதான் யோசித்தார். அவர் வழக்கம் அது.

அந்தச் சபைக்கும் ஒரு வழக்கம் உண்டு. பேச எழுகிறவர் அரசரின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒரு வெற்றிலை எடுத்த பிறகே பேச வேண்டும். காய்ச்சல் காலத்திலும் இந்த மரியாதையை ஒருவரும் விடவில்லை. மறுநாள் காலை, சாயக்காரரிடம் வாங்கிய நீலப்பொடியை அந்தப் பெட்டி மூடியின் உள்பக்கம் கோதண்டம் தடவினார். பள்ளியின் எழுத்தாணிப் பெட்டி மூடியிலும் அதே போல் தடவினார்.

"இன்னைக்கு முற்றத்துல பிள்ளைங்க உக்காரட்டும், உள்ளே சபை உக்காரட்டும். ரெண்டு பக்கமும் நாற்பது விதிதான். மத்தியானம் பார்ப்போம் மகாராஜா," என்றார்.

முற்றத்தில் இருபது பிள்ளைகள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். பெட்டியைத் திறந்து எழுத்தாணி எடுத்த ஒவ்வொரு பிள்ளையும் நேரே தொட்டிக்குப் போய்க் கை கழுவியது. தப்பு செய்தால் மறுபடி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அவர்களுக்குப் பயம்.

உள்ளே, விதிகளை எப்படிக் கடைப்பிடிப்பது என்பது பற்றி விவாதம் நடந்தது. குரல் ஏற ஏறத் துணி தாடைக்கு இறங்கியது. ஆளுக்கு ஆள் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பர் மட்டும் பதினோரு முறை எழுந்தார், பதினோரு வெற்றிலை எடுத்தார்.

மத்தியானம் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். ஒரு முகத்திலும் பொட்டு நீலம் இல்லை. சபையில் மூக்கு நீலம், காது நீலம், ஆவுடையப்பருக்கு வழுக்கைகூட நீலம்.

கோதண்டம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ரெண்டு பெட்டியிலயும் நான்தான் நீலம் தடவினேன் மகாராஜா. அதைக் காய்ச்சல்னு வெச்சுக்குங்க. பிள்ளைங்க பிழைச்சாச்சு. இந்தப் பெரியவங்க மொத்தமும் படுத்தாச்சு."

அரசர் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். செங்கமலம்தான் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, உங்க மூக்கு."

பொடி தடவிய கையை அவர் காலையிலிருந்து கழுவவே இல்லை. போதாததற்கு ஏழு முறை எழுந்து பேசியிருந்தார். சபையிலேயே அவர் மூக்குதான் அடர்நீலம்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மீசையும் நீலம்தான், அதைச் சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

"பிரதானி, உம்ம குதிரைங்களை ஓட்டிட்டுப் போங்க. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கட்டும், சபையை மூடுங்க. கோதண்டம், உமக்குப் பரிசு பள்ளிக்கூடத்துல கடைசிப் பாய்." பிறகு செங்கமலத்திடம் திரும்பினார். "ஏம்மா, உங்க அப்பாவுக்குக் கை கழுவச் சொல்லிக்குடுப்பியா?"

செங்கமலம் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு நாள் பார்க்கிறேன் மகாராஜா," என்றாள்.